கூண்டுப்புழுவும் கோடிச் சேலையும்

அம்மா,

இன்று காலை விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடித்துப் படுக்கையறைச் சுவரில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா சத்தம் கேட்டுக் குரல் கொடுத்தார்.

"என்ன பாப்பா, பல்லியா?"

"புழுப்பா."

"புழுவுக்கா இந்த அடி? ஒங்கம்மா தோத்துப்போவும் போ."

பேப்பரைத் திருப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

அடி வாங்கியது பார்ப்பதற்கு ஒரு பூசணி விதை. சாம்பல் நிறம், தட்டை உடம்பு, நடுவில் அகன்று இரு முனையும் ஒடுங்கியிருக்கும். மழை பிடித்துவிட்டால் தஞ்சாவூரில் எல்லா வீட்டுச் சுவரிலும் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, "மிஸ், விதை நடக்குது மிஸ்" என்பார்கள். அது விதை இல்லை, உள்ளே ஒரு புழு குடியிருக்கிறது, இது அந்துப்பூச்சியின் குழந்தைப் பருவம் என்று வருடந்தோறும் சொல்கிறேன். கூட்டின் உட்புறம் அது வாயால் நூற்ற பட்டு. வெளிப்புறம் அந்த வீட்டில் என்ன உதிர்கிறதோ அதெல்லாம்: மணல், சுண்ணாம்புத் தூள், செத்த எறும்பின் கால், துணிப் பிசிறு. இரண்டு முனையிலும் வாசல் உண்டு. ஒரு வாசலைத் தொட்டால் உள்ளுக்குள்ளேயே திரும்பி மறு வாசலில் தலையை நீட்டும். பழுப்புத் தலையையும் ஆறு கால்களையும் மட்டும் வெளியே விட்டு, வீட்டை இழுத்துக்கொண்டு சுவர் ஏறும். சிலந்தி வலையைத் தின்னும். கம்பளி, பட்டு, உதிர்ந்த முடி எல்லாம் அதற்குச் சாப்பாடு. உடம்பு வளர்ந்தால் கூட்டின் முனையில் ஒட்டுப்போட்டு நீட்டிக்கொள்ளும், பழையதைக் கழற்றி எறியாது. அதற்குள்ளேயே உறங்கி, ஒரு நாள் புள்ளி வைத்த சாம்பல் பூச்சியாக வெளியேறும். அந்தப் பூச்சியைப் பார்த்து இன்னது என்று சொல்வது கஷ்டம். கூட்டைப் பார்த்தால் சொல்லிவிடலாம்.

நான் அடித்த அடியில் கூடு உடையவில்லை. தரையில் விழுந்து செத்தது போலக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நீட்டிச் சுவரைத் தேடியது. பள்ளிக்கூடப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் குனிந்து பார்த்தேன். சாம்பல் கூட்டின் நடுவில் ஒரு கோடு. அரக்கு நிறம்.

இந்த வீட்டில் அரக்கு நிறத்தில் ஒரே ஒரு துணிதான் இருக்கிறது. நீ செத்த நாளிலிருந்து பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிறது. கட்டவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, ஒரு தடவைகூடப் பிரிக்கவும் இல்லை. இன்னும் பீரோவைத் திறக்கவில்லை. திறக்கும் முன் உன்னிடம் பேசிவிட வேண்டும் போலிருக்கிறது.

உனக்குக் கை முதலில் வரும், வாய் பின்னால் வரும். எலி வளையைத் தோண்டி, பாய்ந்து வெளியே வரும் எலியை வாலைப் பிடித்துச் சுழற்றி வரப்பில் அறைவாய். எனக்குத் தலை வாரும்போது சிக்கு விழுந்தால் பிரிக்கமாட்டாய், இழுப்பாய். நான் கத்தினால் சீப்பாலேயே மண்டையில் ஒரு தட்டு. "முடிக்கு வலிக்காதுடி, ஒனக்குத்தான் வலிக்கிது. பொறுத்துக்க." கல்லூரியில் விலங்கியல் சேர்ந்த அன்று பஸ் ஏறும்போதுகூட முதுகில் ஒன்று வைத்துத்தான் அனுப்பினாய், படி ஏறத் தாமதித்தேன் என்று. கண்டக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவையும் அப்படித்தான் வளர்த்தாய். அவரைப் பெற்ற சூட்டோடு உன் அம்மா போய்விட, பாவாடை கட்டிய வயதிலிருந்து இடுப்பில் சுமந்தாய். அடித்துச் சோறு ஊட்டி, அடித்துத் தூங்கவைத்து, அடித்துப் பள்ளிக்கு அனுப்பினாய். அவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த நாள் நினைவிருக்கிறதா? கறுப்புக் கண்ணாடி, மணக்கும் சட்டை, தோளில் டேப் ரிக்கார்டர். தெருவே வேடிக்கை பார்த்தது. நீ மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, கண்ணாடி தெறிக்க ஓர் அறை விட்டாய்.

"ரெண்டு வருசத்துல எஸ்.டி.டி. பூத்துக்கு ஒரு போன் போட ஒனக்குக் கை இல்லையாடா?"

அவர் கண்ணாடியைப் பொறுக்கித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "அக்கா, இன்னொண்ணு வச்சுடு. ஒத்தக் கன்னத்துல அடிச்சா கல்யாணம் ஆவாதும்பாங்க" என்றார். நீ சிரித்துவிட்டாய். அழவும் செய்தாய்.

அவர் ஊரிலேயே தங்கி, நம் வயலுக்கு மேற்கே ஒட்டினாற்போல் இருந்த நிலத்தை வாங்கினார். நம்முடையது குத்தகை. நம் தாத்தாக்கள் கூலிக்குச் சேறு மிதித்த அதே நிலம்தான். அதன் சொந்தக்காரரான மிராசு மெட்ராஸோடு போய்விட்டார். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இறால் பண்ணைக்காரர்கள் வயல்களைக் கேட்டு அலைந்த வருடங்கள் அவை. நடவுக்குப் போகிற பெண்கள் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறியிருந்தார்கள். அப்பா சவூதியில் கட்டட வேலையில் இருந்தார். நீ ஒற்றை ஆளாக மூன்று மா நிலத்தை, கிட்டத்தட்ட ஓர் ஏக்கரை, நட்டு முடித்திருந்தாய்.

அப்போதுதான் மிராசு ஆள் மூலம் சொல்லியனுப்பினார். இந்தச் சம்பாவில் குத்தகை நெல்லைக் குறையில்லாமல் அளந்துவிட்டால் நிலத்தை விலைக்கு நமக்கே எழுதித் தருவார். குறைந்தால் குத்தகை முடிந்தது; மேற்கே இருக்கிற தம்பியே வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறாராம். வந்தவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடித்தார். அவர் போனபின் நீ, குடித்து வைத்த டம்ளரைக் கொல்லையில் விட்டெறிந்தாய்.

புழு முதலில் மாமா வயலில்தான் விழுந்தது. தீபாவளி லீவுக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன். நாம் இருவரும் களை பார்க்கப் போயிருந்தபோது மாமா தம் வரப்பில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஆயி, நீ பூச்சிப் படிப்புதான படிக்கிற? இங்க வந்து பாரு. மருந்துக்கடைக்காரன் சுருட்டுப்புழுங்குறான். ரெண்டு தடவ அடிச்சாச்சு. தவளை செத்துச்சு, நண்டு செத்துச்சு, புழு என்னப் பாத்துச் சிரிக்கிது."

அடித்த மருந்தையெல்லாம் மழை கழுவிக்கொண்டு போயிருந்தது. பயிர் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. இலை நுனிகளைக் கத்தரிக்கோலால் நறுக்கினது போல் இருந்தது. மீதி இலையில் பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டுக் காகிதம் போன்ற தோலை மட்டும் விட்டுவைத்திருந்தது. சுருட்டுப்புழு என்றால் இலையை நீளவாக்கில் மடித்து ஒட்டி, செடியிலேயே உட்கார்ந்து சுரண்டும். இங்கே மடிந்த இலை ஒன்றுகூட இல்லை. தண்ணீரில்தான் இருந்தது அடையாளம். விரல் கணு நீளத்துக்குப் பச்சைக் குழல்கள் மிதந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் கீறினேன். உள்ளே வெளிறிய பச்சையில் ஒரு புழு. மாமா குடிக்கக் கொண்டுவந்திருந்த தூக்குவாளி மூடியில் தண்ணீர் எடுத்து அதை விட்டேன். உடம்பின் இரு பக்கமும் வெள்ளை இழைகள் விரிந்து அசைந்தன.

நீ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாய். "என்னடி, புழுவுக்கு மீசையா?"

"மீசை இல்லம்மா, செவுளு. மீனுக்கு இருக்கிற மாதிரி. இது கூண்டுப்புழு. தண்ணியிலயே மூச்சு விடும். இலைய வெட்டிக் கூண்டு செஞ்சுக்கும். ராத்திரி கூண்டோட செடியில ஏறித் திங்கும். தோல் உரிக்கும்போதெல்லாம் பழச விட்டுட்டுப் புது இலை வெட்டும்."

"அப்ப தண்ணிய வடிச்சா மூச்சு முட்டிச் செத்துடும்."

நான் சொல்வதற்கு முன் நீயே சொல்லிவிட்டாய். மாமா பக்கம் திரும்பினாய். "கேட்டியாடா? மருந்துக்கடைக்காரன் மூஞ்சில தூக்கி எறி. மண்ணெண்ணெல நனைச்ச கயித்த எடுத்துப் பயிரு மேல இழு. ஒட்டிட்டு இருக்கிறதெல்லாம் தண்ணில உதுந்துரும். அப்பறம் மடையத் தொறந்து வடிச்சு விடு."

"அக்கா டாக்டராயிட்டு" என்று மாமா கும்பிட்டார்.

இரண்டு நாள் விடாத மழை. மழை விட்ட காலையில் நீ வரப்பில் முன்னால் போனாய், நான் பின்னால் வந்தேன். நம் வயலின் மேற்கு ஓரத்தில் தண்ணீர் பச்சையாகத் தெரிந்தது. பாசி என்றுதான் நினைத்தேன். கிட்டே போனதும் பாசி நகர்ந்தது. நமக்கும் மாமாவுக்கும் பொதுவான வரப்பில் ஒரு முழ அகலத்துக்கு மடை வெட்டியிருந்தது. அதன் வழியாக மாமா வயலின் தண்ணீர் நம் வயலில் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு மேல் கூண்டுகள். எண்ண முடியாத கூண்டுகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் உயிர். மாமாவும் ஒரு கூலியாளும் வயலின் அந்தக் கோடியில் கயிற்றின் இரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். மண்ணெண்ணெய் நாற்றம் நாம் நின்ற இடம்வரை வந்தது.

"எவன்டா வெட்டுனது?"

"நான்தான்க்கா." மாமா கயிற்றைச் சுற்றியபடி நடந்து வந்தார். "வடிகால்ல தண்ணி ஏறி நிக்கிது. நான் எங்கிட்டு விடுறது? ஒன் வயலு பள்ளம். வடிகால் எறங்குனதும் நீ மெதுவா வடிச்சுக்க."

"அதுக்குள்ள எம்பயிரு?"

"எம்பயிரு மட்டும் என்ன, கோரப்புல்லா?"

"சொல்லிட்டுச் செஞ்சியாடா?"

"சொன்னா நீ விடுவியா?"

நீ ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எலி வளைக்கு முன்னால் குந்தியிருக்கும்போது பார்ப்பாயே, அதுதான். "நிலத்தக் கேட்டு ஆள் அனுப்புனவன்தான நீ. பயிர சாவடிச்சுட்டு நிலத்த எடுத்துக்கலாம்னு பாக்குற."

மாமா இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். அவர் தலையைத் திருப்பிக் கூலியாளைப் பார்த்தார்.

நீ மடையில் இறங்கி, சேற்றை இரு கையாலும் அள்ளிப்போட்டு மிதித்தாய். அவர் வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்து ஒரே கொத்தில் அதை உடைத்தார். மறுபடி அடைத்தாய். மறுபடி உடைத்தார். மூன்றாம் தடவை நீ மண் அள்ளவில்லை. மடையிலேயே உட்கார்ந்துவிட்டாய், வயிற்றை அவர் பக்கம் காட்டிக்கொண்டு. தண்ணீர் உன் மார்பு வரை ஏறியது. கூண்டுகள் உன் சேலையிலும் கழுத்திலும் அவிழ்ந்த முடியிலும் ஒட்டின.

"எந்திரிக்கா."

"வெட்டுடா. எம்மேல வெட்டிட்டுத் தண்ணிய விடு."

அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு உன் முடியைப் பிடித்தார். கொத்தாகப் பிடித்து இழுத்தார். நீ எழுந்திருக்கவில்லை, ஒரு பிடி முடி அவர் கையோடு போனது. அடுத்து அந்தக் கையை நீ பிடித்துக் கடித்தாய். அவர் அலறிக்கொண்டு தோளில் இருந்த கயிற்றை உருவி உன் முகத்தில் விளாசினார். மண்ணெண்ணெயில் ஊறிய கயிறு. இடது புருவத்திலிருந்து தாடை வரை வார் விழுந்தது போலத் தடித்தது. நான் ஓடிவந்து அவர் இடுப்பைப் பிடித்தேன், முழங்கையால் இடித்துத் தள்ளினார். சேற்றில் விழுந்த நான் தலை தூக்கியபோது மண்வெட்டி உன் கையில் இருந்தது.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. சேற்றில் மண்வெட்டி இறங்கும் வழக்கமான சத்தம்தான். மாமா தம் காலைக் குனிந்து பார்த்தார். வலது காலில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. தண்ணீரில் சிவப்பு கலங்கிப் பரவியது. அதிலும் கூண்டுகள் மிதந்தன.

அதன்பிறகு நீ செய்ததைத்தான் நான் யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. மண்வெட்டியை எறிந்துவிட்டு அவரை வரப்பில் தள்ளி உட்காரவைத்து, காலை உன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாய். முந்தானையைக் கிழித்தாய். அவர் காலை உதறினார். "நீட்டுடா. நீட்டுடா நாயே" என்று கன்னத்தில் ஓர் அறை விட்டுக் காலை இறுக்கிக் கட்டினாய். உன் முகத்திலிருந்தும் ரத்தம் சொட்டி அவர் முழங்காலில் விழுந்தது.

"என்னத் தொடாத" என்றார் மாமா. பல் கிட்டித்துப் பேச்சு குழறியது. "இனிமே நீ எனக்கு அக்கா இல்ல. நீ செத்தாலும் கோடி எடுத்துட்டு வரமாட்டேன்."

பிறந்த வீட்டுக் கோடி விழாமல் நம் தெருவில் எந்தப் பெண்ணின் பிணமும் எழுந்தது கிடையாது. அண்ணனோ தம்பியோ புதுச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதற்கு வரமாட்டேன் என்பதற்கு மேல் ஒரு தம்பி அக்காளைச் சொல்ல எதுவும் இல்லை. நீ முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாய்.

"நீ வந்தாலும் எம்மேல படாதுடா." என் பக்கம் திரும்பினாய். "கேட்டுக்க பாப்பா. நான் செத்தா இவன் கோடி எம்மேல படக்கூடாது. நீதான் காவல்."

நான் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரியில் மாமா, வரப்பு வெட்டும்போது மண்வெட்டி தவறிவிட்டது, தானே வெட்டிக்கொண்டேன் என்று சொன்னாராம். போலீஸ் வரவில்லை. இதைக் கூலியாள் வந்து சொன்னபோது நீ பழைய கொசுவலையை இரண்டு கம்புகளில் கட்டிக்கொண்டிருந்தாய். அதை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தாய். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும், தலையில் முடி போன இடம் சிவந்திருக்க, முகம் வீங்கி ஒரு கண் மூடியிருக்க, தண்ணீரை வலையால் சலித்தாய். நான் மறுபக்கக் கம்பைப் பிடித்தேன். வரப்பில் கூண்டுகள் குவிந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாய்; ஈரத்தில் புகைந்ததே தவிர எரியவில்லை. வெறுங்காலால் மிதித்தாய். பச்சை இலை நசுங்கும் மணமும் புழு நசுங்கும் நாற்றமும் சேர்ந்து வந்தது. நீ ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மிதித்தாய். கிட்டே வந்தபோது கேட்டது. மாமாவின் சின்ன வயதுச் செல்லப் பெயர்.

மாலையில் விளக்கைச் சுற்றி வெள்ளைப் பூச்சிகள் வரும். சின்னது, பால் நிறம், இறக்கையில் வெளிறிய பழுப்புத் தீற்றல். தப்பிப் பிழைத்த கூண்டுகளிலிருந்து வந்தவை. தண்ணீரில் படிந்த இலையின் அடியில் மறுபடி முட்டை வைக்கப் போகிறவை. நீ அவற்றைக் கையாலேயே அறைந்து கொல்வாய். காலையில் உன் உள்ளங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும்.

வடிகால் இறங்கியது. தண்ணீரை வடித்ததும் நம் வயல் காய்ந்து மிச்சப் புழு செத்தது. வேர் பிழைத்திருந்ததால் பயிர் மறுபடி துளிர்த்துத் தூர் கட்டியது. குத்தகை நெல் குறையில்லாமல் அளந்தோம். நிலம் நம்முடையதாயிற்று. கயிற்றுத் தழும்பு உன் முகத்திலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்த இரண்டு வயலையும் ஒரே வரப்பு பிரித்தது. ஒரு சொல் கிடையாது. மாமா மேற்கே தம் நிலத்திலேயே ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைச் சுற்றி அனுப்பினார், நம் பக்கம் ஒரு சொட்டு விட்டதில்லை. வரப்பில் நண்டு வளை விழுந்தால் நீ நம் பக்கம் அடைப்பாய். அவர் வீட்டுக்குப் போனதும் எட்டிக் குனிந்து அவர் பக்கமும் அடைப்பாய். நான் பார்த்துவிட்டால், "ஓட்டை வழியா அவன் வயலு புழு வந்துரும்" என்பாய். வேலைக்குச் சேர்ந்து கல்யாணமாகி நான் ஊருக்கு வரும்போதெல்லாம், சாயங்காலத்தில் அவர் விந்தி விந்தி வரப்பில் போவதை நீ நின்று பார்ப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் கோடி படக்கூடாது என்ற சொல்லை நீ திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தடவை நானே கேட்டேன்.

"இன்னுமாம்மா?"

"காவல்னா காவல்தான்."

பெரியாஸ்பத்திரியில் கடைசி நாள் உன் தலையை நான்தான் வாரினேன். சிக்கு இருந்தது. இழுக்கவில்லை. உன் மண்டையில் மாமா பிடுங்கிய இடத்தில் கடைசிவரை முடி முளைக்கவில்லை. சீப்பில் சிக்கிய வெள்ளை முடியை எடுத்துப் போட மனமில்லாமல் அப்படியே பையில் வைத்துக்கொண்டேன்.

ஊரில் உன்னைக் கிடத்தியிருந்தபோது மாமா வந்தார். மூங்கில் தட்டில் அரக்குப் பட்டு, மேலே மஞ்சள், பூ. தட்டை இரு கையிலும் பிடித்துக்கொண்டு, தெருமுனையிலிருந்து விந்தியபடி தனியாக நடந்து வந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. நான் உன் கால்மாட்டிலிருந்து எழுந்து வாசலில் போய் நின்றேன்.

"வழிய விடு ஆயி."

"அம்மா சொல்லிருக்கு மாமா. படக்கூடாதுன்னு."

"அது கோவத்துல சொன்னது."

"இருவது வருசமா மாத்திச் சொல்லல."

பங்காளிப் பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்தார். "ஏம்மா, படிச்ச பொண்ணு. பொறந்த வீட்டுக் கோடி இல்லாம எப்புடிம்மா எடுக்குறது?"

"அப்பா எடுத்த சேலையோட எடுங்க பெரியப்பா. இது வேண்டாம்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தட்டை ஒரு கைக்கு மாற்றினார். மறு கையால் என்னை அறைந்தார். காதில் நீண்ட நேரம் ஓர் ஒலி நின்றது. நான் நகரவில்லை. இரண்டாம் தடவை கை ஓங்கியவர், என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, ஓங்கிய கையோடு நின்றார். தட்டு சாய்ந்து மஞ்சள் உருண்டது. சேலையை மட்டும் எடுத்து, மடிப்புக் கலையாமல், என் தோளில் வீசினார்.

"அவளுக்கு வேணாம்னா நீ கட்டிக்க."

ஒப்பாரி நின்றுவிட்டது. பிணத்துக்குக் கொண்டுவந்த கோடி உயிரோடு நிற்பவள் மேல் விழுந்தது. யாரோ ஒரு பெண் "அடப்பாவி மனுசா" என்றாள். மாமாவே தம் கையைப் பார்த்தார், முன்பு காலைப் பார்த்தது போல. நான் சேலை கீழே விழாமல் பிடித்துக்கொண்டேன். அது உன்னை நோக்கிப் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் அப்போது இருந்தது.

பாடையைத் தூக்கியபோது அவர் முன்னங்கோலில் தோள் கொடுத்தார். எட்டு விரல் கால்களால் சுடுகாடு வரை நடந்தார். நான் தடுக்கவில்லை. அதைப் பற்றி நீ எதுவும் சொல்லியிருக்கவில்லை.

இவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். பீரோவைத் திறந்துவிட்டேன்.

கீழ்த்தட்டில் ஒரு பக்கம் அந்தப் பட்டு. மறு பக்கம் உன் பழைய சேலை ஒன்று, அதன் மேல் உன் சீப்பு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது என்று நடுவில் ஒரு செய்தித்தாளை மடித்து நிறுத்தி வைத்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் பீரோ துடைக்கும்போது அதைச் சரிசெய்வேன். தாள் நின்றபடியே இருந்தது. பட்டை எடுத்துப் பிரித்தேன். மடிப்புக்கு மடிப்பு ஓட்டை. சன்னலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் பொத்துக்கொண்டு வருகிறது. தட்டின் மூலையில் நாலைந்து கூடுகள் காலியாக ஒட்டியிருந்தன. வாசலில் பாதி நீண்ட தோலை விட்டுவிட்டுப் பூச்சிகள் போய்விட்டன. சேலையை மாடிக்குக் கொண்டுபோய் வெயிலில் போட்டுத் தடியால் அடித்தேன். புழுக்கள் உதிர்ந்தன. எறும்புகள் வந்து எடுத்துக்கொண்டு போயின. கை வலிக்கிறவரை அடித்தேன்.

கீழே வந்து சீப்பை எடுத்துப் பார்த்தேன். பல்லுக்கிடையில் பந்தாக இருந்த முடியில் இரண்டொரு இழைதான் மிச்சம்.

காலையில் அடித்த புழு மறுபடி சுவரேறி என் தோள் உயரத்தில் இருந்தது. லென்ஸை வைத்தேன். அரக்கு நூலைப் பார்த்த அவசரத்தில் காலையில் விட்டுவிட்டிருக்கிறேன். அந்த நூலின் மேல் இன்னொரு இழை சுற்றியிருந்தது. வெள்ளை, மினுமினுப்பு, நூலைவிட மெலிது. நெல் வயலிலோ சுவரிலோ கிடைக்கிற எதுவும் இல்லை. முடி. இரண்டையும் சேர்த்துத் தன் வாய்ப்பட்டால் தைத்து, முதுகில் ஏற்றிக்கொண்டு, தலையை நீட்டி நீட்டி அது மேலே போய்க்கொண்டிருந்தது.

அவர் கோடி உன் மேல் பட்டுவிட்டது அம்மா. நீ இங்கே இருந்தால் சுவரோடு சேர்த்து அதை நசுக்கியிருப்பாய். அடுத்த அறை எனக்கு விழுந்திருக்கும். விளக்குமாறு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்தேன். ஓங்கவும் ஓங்கினேன். என் கையில் இருப்பது உன் கைதான், அதை நான் எங்கும் இறக்கி வைத்ததில்லை. ஓங்கியபடியே நின்றேன். பிறகு விளக்குமாற்றைக் கதவுக்குப் பின்னால் சாத்தினேன்.

பொத்தல் சேலையை மடித்து அதே தட்டில் வைத்தேன். சீப்பையும் வைத்தேன். செய்தித்தாளைக் கையில் எடுத்தபோது அப்பா அறை வாசலில் நின்றிருந்தார்.

"செத்துச்சா?"

"இல்லப்பா."

"அது என்ன, பழைய பேப்பரா? குடு, படிக்கிறேன்."

கொடுத்துவிட்டேன். நடுவில் வைக்க வேறு தாள் தேடவில்லை.